தருமப்பிரபு வைத்த ஓட்டை

அவள் கணவருக்குத் தருமப்பிரபு என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அவளுடைய அண்ணன்கள். வங்கி, ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார் மனிதர். உலகமும் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டது. வீட்டு வாடகை மட்டும் பல் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அவள் தலையில் விழுந்தது.

நன்கொடை கேட்டும் பார்த்தார். வந்தது ஒன்றே ஒன்று, அவள் தம்பி போட்டது. அதையும் கை தவறிப் போட்டுவிட்டதாகச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"ஒருநாள் இவனுங்களுக்கு ஆப்பு வைக்கிறேன் பாரு" என்று அவர் புலம்புவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஆப்பு வந்தேவிட்டது. டோக்கன் மென்பொருளில் திருட்டுத்தனமாக உள்ளே புக ஓர் ஓட்டை வைத்திருக்கிறேன், முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் மொட்டை மெயில் போயிற்று. பணம்கூடக் கேட்காத மிரட்டல் என்பதால் எல்லோரும் அரண்டுபோனார்கள்.

சத்தியமாக அந்த மெயிலைத் தான் அனுப்பவில்லை என்றார் தருமப்பிரபு. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னதால் அவள் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரிய வங்கியின் பாதுகாப்பு அதிகாரி வீடு தேடி வந்தார். யார் செய்திருப்பார்கள் என்று அவர் விசாரித்ததும் தருமப்பிரபுவுக்குக் குப்பென்று வியர்த்தது.

"மெயில் வந்த அன்னைக்கு முழுக்க இவர் கம்ப்யூட்டரையே தொடலைங்க" என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

அதிகாரி அதைக் காதில் வாங்காதவர்போல ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். எல்லா நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு நிதி திரட்டியிருந்தன. நன்கொடைக்கு இறுகிக் கிடந்த பர்ஸ் பயத்துக்குத் தானாகத் திறந்துகொண்டது. ஓட்டையைத் தேடுவதற்குத் தருமப்பிரபுவுக்கும், இத்தனை காலம் சும்மா உழைத்துக் கொடுத்த அவருடைய கூட்டாளிகளுக்கும் மாதச் சம்பளம்.

"கிடைக்கலைன்னா?" என்று இழுத்தார் தருமப்பிரபு.

"கிடைக்கிற வரைக்கும் தேடுங்க சார். அவசரமே இல்ல."

தருமப்பிரபுவுக்கு எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. மாட்டினால் சம்பளத்தோடு மானமும் போகும். லிஃப்ட் வரை அதிகாரியோடு போனவள், தாங்கமாட்டாமல் உடைந்தாள். ஏதோ ஆத்திரத்தில் எழுதிவிட்டார், பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார்.

"வெளியில இப்படி உளறி வைக்காதீங்க மேடம். அதுல ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது கொடுக்கலாம்னு மேலிடத்துக்கு நாலு தடவை ஃபைல் வச்சேன். சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குக் காசுன்னு நாலு தடவையும் திருப்பிட்டாங்க."

லிஃப்டுக்குள் போய் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சாவது தடவை ஃபைல் வைக்கலை. மெயில் அனுப்பிட்டேன்."