தொண்டைக்கட்டு

"யக்கா, டிவியில மாமியாரை இழுத்துக் கூப்பிடுவீங்களே, 'அத்தேய்ய்'னு! அதை ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றாள் எதிர்வீட்டு கிறிஸ்டி.

"தொண்டை கட்டியிருக்கும்மா" என்றாள் கெசியா. காமெடித் தொடர்களில் நடிப்பதை விட்டுச் சொந்த ஊரான பாளையங்கோட்டைக்கே வந்தபின், அவள் வீட்டுப் படியேறிய முதல் ஆள் கிறிஸ்டி. இன்னும் கொஞ்சநேரம் இருந்தால் தேவலை.

"போன வாரம் சர்ச்சுலயும் இதைத்தான் சொன்னீங்க. நடிகைக்கு நாங்கள்லாம் ஆளாத் தெரியுமா?" காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிறிஸ்டி போய்விட்டாள்.

கெசியா கதவைச் சாத்திவிட்டுச் சென்னைக்குப் போன் செய்தாள்.

"விமலா, இங்கன எல்லாரும் உன் குரலைத்தான் கேக்காவ."

"உன் திருநெல்வேலிப் பேச்சு வேணாம்னுதான் என்னை டப்பிங் பேச வச்சாங்க. அதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா, அதுக்குப் பொறவு என் வீட்டுக்கு யாரு வருவா?"