கறுப்பு டேப்

நடுரோட்டில் எஞ்சின் நின்று, பின்னால் வந்த லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பி வந்திருக்கிறாள் அவள். பட்டறைக்குத் தள்ளிவந்த காரின் பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது. சாவியைத் திருப்பி மெக்கானிக் ஸ்கேனரைச் செருகியதும் திரையில் பழுதுக் குறிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. "எல்லாம் பழைய பழுது. மீட்டர்ல எஞ்சின் மஞ்சள் லைட் எரிஞ்சிருக்குமே, பாக்கலியாக்கா?" "சத்தியமா எரியலீங்க." அவர் மீட்டர் கண்ணாடியைத் தடவுகிறார். நகத்தில் ஏதோ இடறுகிறது. கறுப்புப் பரப்பில் பொட்டளவு கறுப்பு டேப், வட்டமாக, நறுவிசாக நறுக்கியது. உரித்ததும் மஞ்சள் விளக்கு பளிச்சென்று முழிக்கிறது. அவள் பேயறைந்தவளாய் நிற்கிறாள். விஷயம் கேட்டு ஓடிவந்திருந்த கணவன் கழுத்தைச் சொறிகிறான். "ராத்திரி ஓட்டுறப்ப கண்ண உறுத்துச்சு. அதான் ஒட்டினேன்." மெக்கானிக் கையை உதறுகிறார், டேப் விரலைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவள் பின்கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாள். வாங்கிக்கொள்ள நீண்ட அவன் கைகள் நீண்டபடியே இருக்கின்றன.