மேலாளரின் பயம்

எங்கள் மேலாளர் தயாபரனின் பதற்றத்தை நாங்கள் முறைவைத்துச் சுமக்கிறோம். அதற்கென்றே ஆபீசில் ஒரு பட்டை தந்திருக்கிறார்கள்; மணிக்கட்டில் கட்டியதும் அவருடைய பயம் எங்களுக்குள் இறங்கிவிடும். அவர் மன அமைதி பற்றிப் பேசக் கிளம்பிவிடுவார்.

எவ்வளவு அற்பமான பயங்கள்! முடி கொட்டுகிறதே, விருந்தில் தன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுவிடுவார்களோ.

நேற்று என் முறை. காய்ச்சலில் இருந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தேன். மதியம் நெஞ்சு படபடத்தது. அந்த ஆளுடையதுதான் என்று காபி குடிக்கப் போனேன்.

மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவர் கேட்டார்: "பிள்ளைக்கு வலிப்பே வந்துடுச்சு. ஒரு போன் பண்ணிக் கேக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு. அவரோட பயம்னு நினைச்சேன்."

பட்டையைக் கழற்றினேன். படபடப்பு குறையவே இல்லை. உடனே தயாபரன் அழைத்தார்.

"மேடை ஏறப் போறேன்மா, கையெல்லாம் நடுங்குது. சீக்கிரம் மாட்டு!"

"நடுங்கட்டும் சார்."