பலகை மாட்டிய வீடு

வெள்ளைக்காரர் காலத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகள் ஒரு தெருவில் நின்றன. செங்கல்லை மிச்சம் பிடிக்க, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்.

அரசாங்கம் வந்து, "பாதுகாக்கப்பட்ட வீட்டு வரிசை" என்று ஒரு பலகை எழுதி நாலாம் வீட்டில் மாட்டியது. அன்றிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

"மேலே சாயாதீங்கப்பா! ரெண்டு பக்கமும் தள்ளி நில்லுங்க. நான் பலகை வாங்கின வீடு."

"தாராளமா தள்ளிக்கிறோம்," என்றது மூன்றாம் வீடு. "என்ன, போகும்போது நடுச்சுவரும் எங்களோடயே வந்துடும்."

"என் பக்கத்துச் சுவரும்தான்," என்றது ஐந்தாம் வீடு.

இரண்டு சுவரும் போனபின் தான் எப்படி நிற்கும் என்று நாலாம் வீடு யோசித்துப் பார்த்தது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, உச்சியில் புகைபோக்கி. நடுவில் வெறும் காற்று.

"அட, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றது. "இன்னும் நெருங்கி வாங்க, குளிருது."