புதுக் கயிறு

ஒரகடம் கல்குவாரியில், சாமான் அறையின் பூட்டிய கம்பிக் கதவை மாரி எட்டி உதைத்தான். உள்ளே புது நைலான் கயிறு ஆணியில் தொங்கியது.

"தொறய்யா. பழைய கயிறு அறுந்துடுச்சு."

வாசலில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்கீப்பர் ராஜாமணி அசையவில்லை. "தெனமும் இதே பாட்டுதான். பாறையில எறங்கறதுக்குப் பழசே போதும்னு முதலாளி சொல்லிட்டாரு."

"மனுச உசுருய்யா."

"எவன் உசுரா இருந்தா எனக்கின்னா? அவரக் கேக்காம புதுசு கெடையாது. சாவியும் அவர்கிட்டதான் கீது. போய்க் கேளு."

மாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க போய்க் கேக்கறது? பழசே போதும்னு எங்களுக்குக் காட்டறதுக்கு அவரேதான் எறங்கினாரு. பாதியில கயிறு அறுந்து, பாறையைப் புடிச்சிக்கினு கத்தறாரு. சாவி அவரு இடுப்புலதான் கீது."