சிவப்புச் சட்டைக்காரர்கள்

“டேய் மரமண்டை, இன்னும் சாகலையா நீ?”

சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையிலிருந்து வந்த குரலைக் கேட்டு மிர்த்தா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டாள்.

அங்கே நாலு கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் உடம்பிலும் சிவப்புச் சட்டை. எதிரணியான பர்ராங்கா கிளப் ஆட்கள். அவர்கள் பார்வை முழுக்க அவளுடைய அப்பா நசரேனோ மேல்தான்.

நசரேனோ பச்சைச் சட்டைக்காரர். எஸ்த்ரேஜா கால்பந்து கிளப்பின் பின்வரிசையில் தலை நரைக்கும்வரை நின்று ஆடியவர். எவ்வளவு உயரத்தில் பந்து வந்தாலும் எகிறி, தலையால் முட்டித் திருப்பிவிடுவார். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். அதையும் முட்டினார்.

அந்த முட்டல்கள்தான் இப்போது மூளையை அரிக்கின்றன என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஸ்த்ரேஜா கிளப் ஒரு கேடயம் கொடுத்ததோடு சரி. தெற்கே வேலைக்குப் போய், பல வருஷம் கழித்து ஊர் வந்திருக்கும் மகளைப் பார்த்து, “நீங்க யாரும்மா?” என்று நேற்று மரியாதையாகக் கேட்டார்.

“இவன் மண்டைக்குள்ள வெறும் காத்துதான்டா இருக்கு,” என்றான் இன்னொரு சிவப்புச் சட்டை. “அதான் பந்தைப் பார்த்ததும் சொந்தக்காரன்னு நினைச்சு முட்டிக்கிட்டே இருந்தான்.”

மேசையே குலுங்கச் சிரித்தது.

நசரேனோ மெல்லத் திரும்பினார்.

“கோல் அடிப்பானே, உங்க ஒன்பதாம் நம்பர், அவன் எங்கடா?” என்றார். “போன தடவை அவனை என் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். இன்னும் வெளியே எடுக்கல.”

“பாத்துடா, அவன் உன் பாக்கெட்டுல ஓட்டை போட்டிருப்பான்.”

“ஓட்டை உங்க கோல்கீப்பர் காலுக்கு நடுவுல இருக்கு.”

அம்மா டெல்ஃபினா இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கி அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு.

மிர்த்தாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“என்னம்மா சிரிப்பு வேண்டியிருக்கு? எழுந்திரு, போகலாம்.”

“சும்மா உட்காரு.”

“பக்கத்து வீட்டுக்காரி சொன்னப்போ நான் நம்பல. ஞாயித்துக்கிழமையானா அப்பாவைச் சீவிச் சிங்காரிச்சு இங்கே கூட்டிட்டு வர்றியாமே, இந்த ஆளுங்க திட்டறதுக்கு. வீட்டுல வெச்சுப் பார்த்துக்க அலுத்துப் போச்சுன்னா சொல்லிடு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“மெதுவாப் பேசு, மிர்த்தா.”

“முடியாது.”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அந்த மேசைக்கே போனாள்.

“உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்ல? அவர் நோயாளி. அவருக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் அப்பன் இருந்திருப்பான் இல்ல?”

கடை அடங்கிப் போயிற்று. முதலில் கத்திய தொப்பைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சுக்க, மகளே,” என்று முனகினார்.

ஜெயித்த நடையோடு மிர்த்தா திரும்பினாள்.

நசரேனோ அந்த நாலு பேரையும் பார்த்தார். அவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்திருந்த முதுகு மெல்ல வளைந்தது. கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. வாயில் மென்றுகொண்டிருந்தது அப்படியே கடைவாய் வழியாக வழிந்தது.

டெல்ஃபினா துடைத்துவிட்டாள். ஒரு இறைச்சித் துண்டை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“திருப்தியா?” என்றாள் மகளைப் பார்த்து.

“நான் என்னம்மா பண்ணினேன்?”

“வாரம் பூரா சூப்புக் கிண்ணத்தோட இவர் பின்னாடி அலையறேன். சரியா ஒரு வாய் இறங்காது. உடம்பைப் பாரு, எலும்புதான் இருக்கு. காதுல திட்டு விழுந்தாத்தான் இன்னிக்கு மேட்ச் இருக்குன்னு நினைச்சுக்கறார். மேட்ச் இருந்தாத்தான் சாப்பிடறார்.”

மிர்த்தா அப்பாவின் தட்டைப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. சிரித்த சத்தத்தில் அதை அவள் கவனிக்கவில்லை.

“அதுக்காக எதிரிங்க கால்லயா போய் விழணும்?”

“விழுந்தேன். பர்ராங்கா கிளப்புக்கே இவரைக் கூட்டிட்டுப் போனேன். உள்ளே நுழைஞ்சதும் அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க. தொப்பியைக் கழட்டினாங்க. நல்ல நாற்காலியாப் பார்த்துக் கொண்டுவந்து போட்டாங்க. திட்டுங்கப்பான்னு நான் கெஞ்சறேன், ஒருத்தனுக்கும் வாய் வரல. உங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘டெல்ஃபினா, நான் செத்துட்டேனா?’ன்னு கேட்டார்.”

மிர்த்தா அந்தச் சிவப்புச் சட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ இவங்க யாரும்மா?”

பக்கத்து மேசையில் தொப்பைக்காரர் மறுபடி கத்துவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கலாமா என்பதுபோல டெல்ஃபினாவைப் பார்த்தார். டெல்ஃபினா சரியென்று தலையை ஆட்டினாள்.

“நாலு பேருமே நம்ம பச்சை கிளப் ஆளுங்கதான். முதல்ல கத்தினாரே, அவர் பைகோரியா, நீ போனப்புறம் நம்ம பின் தெருவுக்குக் குடிவந்தவர். பெத்த மக சிவப்புக்காரனைக் கட்டிக்கிறாள்னு கல்யாணத்துக்கே போகாத மனுஷன். உங்கப்பா நாலு வாய் சாப்பிடணும்னு ஞாயித்துக்கிழமையானா அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றார்.”