முதல் மூன்று நிமிஷம்

"படம் தொடங்கி மூண்டு நிமிஷத்துக்குப் பேயைக் காட்டவே கூடாது," என்றான் நிதுர்ஷன். "ஒண்டும் நடக்கக்கூடாது. ஆனா என்னவோ நடக்கப்போகுது எண்டு பாக்கிறவனுக்கு வயித்தப் பிசையணும்."

கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆர்த்திகா தலையாட்டி வைத்தாள். மூன்று நாளாக இதே பாடம்தான்.

பெரியகல்லாற்று வாவியில் விடிகாலைப் பனி. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. நடுவில் ஒரு தோணி, மிதக்கிறதா தொங்குகிறதா என்று தெரியாமல் நின்றது. அதில் அழகரத்தினம். நடிகரெல்லாம் இல்லை, தினமும் அதே வாவியில் வலை வீசுகிறவர்.

காட்சி இவ்வளவுதான். பனியைப் பார்த்து ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராது. அந்த அமைதியில்தான் பார்க்கிறவன் மிரள வேண்டும். மற்றதெல்லாம் எடுத்தாயிற்று. குறும்படப் போட்டிக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

"லக்ஷன்!" என்று கூப்பிட்டார் அழகரத்தினம். மீன் விற்கிற குரல் மாதிரி இருந்தது.

"மாமா, பயம் வேணும் மாமா!" கரையிலிருந்து கத்தினான் நிதுர்ஷன்.

"தோணியில நிண்டு நாங்க பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல மனே. 'ஓ...ய்' எண்டுதான் குரல் குடுக்கிறது. அதான் வாயில வருகுதில்ல."

"ஓய் எண்டா ஆருக்குப் பயம் வரும்? உங்களுக்குப் பிடிச்ச பேர் ஏதாவது சொல்லுங்க."

"கட்டாயமா?"

"கட்டாயம்!"

அழகரத்தினம் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"விதுர்ஷா..." என்றார். மெல்லிய குரல். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, "விதுர்ஷா... எங்க பிள்ள நிக்கிறாய்?"

பனிக்குள் போன குரல் திரும்பி வரவில்லை. தான் எழுதிய காட்சிக்கு நிதுர்ஷனே பயந்துபோனான்.

"கட்! இதுதான்! மாமா, நீங்க பெரிய நடிகன்!"

அவன் துள்ளிக்கொண்டிருக்க, தோணி கனவில் வருவது போல மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. காதில் ஹெட்போனோடு நின்ற ஆர்த்திகா, அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றப் போனாள். கழற்றிக்கொண்டு வர வெகுநேரமாயிற்று. வந்தவள் கேமராவைக் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

"எங்க, போட்டுக் காட்டு!"

"அண்ணா... ரெக்கோட் பட்டனை அமத்த மறந்துட்டன்."

நிதுர்ஷன் வாவியைத் திரும்பிப் பார்த்தான். வெயில் ஏறிவிட்டது. பனியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"உனக்கெல்லாம் எதுக்குக் கேமரா? மூண்டு மாச உழைப்பு! இனிப் போட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. படத்தில உன்ர பேரும் வராது, போ!"

ஆர்த்திகா கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தாள். ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்த அழுத்தம் அவனுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

அழகரத்தினத்திடம் போனான். "மன்னிச்சுக்கங்க மாமா. உங்கட நடிப்பு வீணாப் போயிட்டு. அந்த லூசு மறந்துட்டு."

"அது மறக்கல்ல மனே. எல்லாம் வடிவா எடுத்தது. 'இந்தப் பேரை வச்சு ஊரைப் பயங்காட்ட வேணாம் மாமா, அழிக்கட்டா?' எண்டு என்னட்டக் கேட்டுட்டுத்தான் அழிச்சது."

"ஏன் மாமா, அந்தப் பேருக்கு என்ன?"

"நீங்க கட் எண்டு சொன்ன பிறகும் நான் மெல்லமாக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் வந்தன். அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கு," என்றார் அழகரத்தினம், தோணியைக் கட்டியபடி. "சுனாமிக்குள்ள போன என்ர மகள்ற பேர் மனே அது."